தரவை என்று எழுதுங்கள்

சரவணை,
23.7.1967

அண்ணை,

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதும் கடுதாசி போன கிழமையே உங்களுக்கு வந்திருக்கும். இது அம்மா சொல்லாமல் நானாக எழுதுவது. உங்களுக்கு முன்னால் நின்று கதைக்க எனக்கு நாக்கு எழாது. கடுதாசி எழுதும்போது நீங்கள் பதுளையில் இருக்கிறீர்கள், நான் குசினிக்குள் அடுப்படியில் இருக்கிறேன். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

முந்தநாள் பறுவம், முழுநிலாவுக்குக் கடல் ஏறுகிற நாள். சோளகக் காற்றும் மூசி அடித்தது. மாடுகளைத் தாழையடிக் காணிக்குச் சாய்த்துக்கொண்டு போனேன். நேர்வெட்டு வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கோடையில் எங்கிருந்து தண்ணீர் என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். அது கடலிலிருந்து காணிக்குள் ஓடிவந்துகொண்டிருந்தது. சிவலைப் பசு ஓடிப்போய் வாய் வைத்துவிட்டுத் தலையை உதறியது. கிணற்றடி வரைக்கும் போய்த்தான் கடல் நின்றது.

நீங்களும் ஐயாவும் அந்த வாய்க்காலை வெட்டியபோது நான் சின்னப்பிள்ளை. உங்களுக்குச் சோறு கொண்டுவந்தது நினைவிருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் மழைவெள்ளம் மதகால் இறங்கி, தாழம்பற்றையைச் சுற்றி வளைந்து, எங்கள் காணியின் தாழ்ந்த பக்கத்தில், மாடு மேய்கிற தரவையில் போய்ப் பரவி நிற்கும். பங்குனி வரைக்கும் வற்றாது. வெள்ளம் நின்றால் புகையிலை வைக்க ஏலாது என்றுதான் மதகிலிருந்து கடலுக்கு நேராக வெட்டினீர்கள். முதலில் புகையிலை நன்றாக வந்ததும் மெய்தான். இப்போது மழை பெய்தால் அடுத்த நாளே தண்ணீர் கடலுக்குப் போய்விடுகிறது. கிணறு சவர்த்துப் போனது. காணியில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கிறது. தரவையில் ஒரு கொக்குக்கூட இறங்குவதில்லை.

வாய்க்காலின் கடல்வாயை அடைத்து, பழைய வழியைத் திரும்பத் திறந்துவிட்டால் என்ன? மாரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அம்மாவைக் கேட்டேன். "கொண்ணை ஓமெண்டால் எனக்கும் ஓம்" என்றா. நீங்கள் ஓம் என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

உங்கள் தங்கை,
மீனாம்பிகை


பதுளை,
1.8.1967

தங்கச்சி,

நீ எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டது அம்மாவுக்கு இடுப்பு ஏலாமல் போனதால். மாடு மேய்க்கப் போய் இப்போது வாய்க்காலுக்கு அதிகாரம் பண்ணும் விதானையாராக வந்துவிட்டாய். நல்லது. கடைப் பெடியங்களுக்கு உன் கடுதாசியை வாசித்துக் காட்டினேன். "அண்ணை, உங்கடை தங்கச்சியைக் கொழும்புக்கு அனுப்புங்கோ, அங்கையும் வெள்ளம் நிக்குது" என்கிறார்கள்.

பகிடி போகட்டும். தாழையடிக் காணி எதற்காக இருக்கிறது என்று உனக்குத் தெரியும்தானே. உனக்குச் சீதனமாக எழுதுவதற்கு எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். தரவை என்றால் யார் வாங்குவான்? மாடு மேய்கிற நிலம் என்று ஒரு மாப்பிள்ளையும் திரும்பிப் பார்க்கமாட்டான். தோட்டக் காணி என்றால் மதிப்பு. அதற்காகத்தான் ஐயா, இருந்த காலத்தில், அந்த வெயிலில் நின்று வெட்டினார். நானும் வெட்டினேன். என் தோள் இப்போதும் மழைக்காலத்தில் வலிக்கும். அதை மூடு என்று எனக்கு எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?

இன்னொன்று. புளியங்கூடல் முருகேசர் பகுதி உன் சாதகம் பொருந்தியிருக்கிறது என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். மகன் தியாகலிங்கம் ஊர்காவற்றுறைக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. நல்ல பிள்ளை என்று விசாரித்துவிட்டேன். ஆவணியில் காணி பார்க்க வருவார்கள். அதுவரைக்கும் காணியில் மண்வெட்டி படக்கூடாது. உப்புப் பூத்த இடத்தில் எருவைக் கொட்டிப் பரவிவிடச் சொல்லு அம்மாவை.

பரமலிங்கம்


சரவணை,
9.8.1967

அண்ணை,

கடைப் பெடியங்களுக்கு வாசித்துக் காட்டியதை எனக்கு எழுதியிருக்க வேண்டாம். இரண்டு நாளாகக் கடுதாசித் தாளைத் தொட வெட்கமாக இருந்தது. இதை நீங்கள் மட்டும் வாசியுங்கள்.

ஐயா வெட்டியதை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஐயா எனக்காகத்தான் வெட்டினார். அந்தக் காணி எனக்காகத்தான் கிடக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். எனக்கு வரப்போகிற காணி எப்படி இருக்கவேண்டும் என்று நான் ஒரு சொல் சொல்லக்கூடாதா?

மண்வெட்டி படக்கூடாது என்றீர்கள். நான் மண்வெட்டி எடுக்கவில்லை. ஆட்டுக்குக் குழை பறிக்கிற கம்பால் அங்கங்கே கிளறிப் பார்த்தேன். மேலே மணல். ஒரு முழம் கிளறினால் கறுத்தக் களி. களிக்குள் நத்தை ஓடுகள். நல்ல தண்ணீர் நத்தை, கடல் நத்தை இல்லை. அந்த ஓடுகள் வருகிற இடங்களில் எல்லாம் ஒரு பூவரசம் தடி குத்திக்கொண்டு போனேன். பின்னேரம் வரம்பில் ஏறி நின்று பார்த்தால் தடிகள் மதகடியிலிருந்து தாழம்பற்றையைச் சுற்றி, செல்லாச்சியக்காவின் வேலியை உரசி, தரவைக்குள் போய் இறங்குகின்றன. பழைய வழி அப்படியே கிடக்கிறது அண்ணை. நீங்கள் வெட்டி எறிந்த மண்தான் அதற்கு மேல் கிடக்கிறது.

பக்கத்துக் காணிச் செல்லாச்சியக்கா தடிகளைப் பார்த்துவிட்டு, "என்னடி பிள்ளை, ஆருக்குப் பந்தல் போடுறாய்?" என்று கேட்டா. நான் அடுத்த தடியைக் குத்தினேன். "வெள்ளத்துக்கோ?" என்றா. தலையாட்டினேன். அவ சிரிக்கவில்லை. தன் கிணறும் போன வருடத்திலிருந்து கரிக்கத் தொடங்கிவிட்டது என்று சொன்னா.

எருவைக் கொட்டி உப்பை மறைக்கலாம். மறைத்த பிறகு அதில் பயிர் வைக்கப் போகிறவர்கள் நாங்கள்தானே.

மீனாம்பிகை


பதுளை,
17.8.1967

தங்கச்சி,

கடை வேலை தலைக்கு மேல். சுருக்கமாக எழுதுகிறேன்.

முருகேசர் ஆவணி பதினெட்டாம் திகதி வருகிறார், மனுசியையும் கூட்டிக்கொண்டு. காணி பார்க்க வருகிறவர்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்காமல் போகமாட்டார்கள். எங்கள் தீவுப்பகுதியில் அதுதான் வழக்கம். பெண்ணைப் பார்ப்பதற்கு முதல் தண்ணீரைப் பார்ப்பார்கள். நான் நல்ல தண்ணீர் என்று எழுதிவிட்டேன். ஆகவே செல்லாச்சியக்காவின் வீட்டுக் கிணற்றில், காணிக் கிணற்றில் இல்லை, வீட்டுக் கிணற்றில், விடியவே ஒரு குடம் அள்ளிக் கொண்டுவந்து காணியில் வை. செம்பில் ஊற்றிக் கொடு. துலாவிலே வாளி தொங்கட்டும், ஈரமாக இருக்கட்டும்.

இது பொய் இல்லை. மாரியில் அந்தக் கிணறும் கொஞ்சம் தெளியத்தான் செய்யும். நான் உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன். தடிகளைப் பிடுங்கி எறி.

பரமலிங்கம்


சரவணை,
5.9.1967

அண்ணை,

அம்மா உங்களுக்கு என்ன எழுதச் சொன்னாலும் நான் நடந்ததை எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி விடியவே குடம் அள்ளிவந்து வைத்தேன். அவர்கள் வந்தார்கள். முருகேசர் நல்ல உயரம். வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு காணியைச் சுற்றி வந்தார். எருப் போட்ட இடத்தில் நின்று காலால் கொஞ்சம் தட்டிப் பார்த்தார். மாமியாராக வரப்போகிற அவரின் மனுசி என்னைக் கிட்டக் கூப்பிட்டு என் தலைமயிரைத் தொட்டுப் பார்த்தா. "நல்ல அடக்கமான பிள்ளை, வாயே திறக்குதில்லை" என்று அம்மாவிடம் சொன்னா. அம்மாவின் முகம் பூரித்துப் போனது.

பிறகு அவர் கிணற்றுக்கட்டில் இருந்து, "பிள்ளை, கொஞ்சம் தண்ணி தாரும்" என்றார்.

செம்பு என் கையில் இருந்தது. குடம் பின்னால் இருந்தது. நான் துலாவை இழுத்து எங்கள் கிணற்றில் அள்ளி, செம்பில் ஊற்றி, கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு அப்போது பயம் வரவில்லை.

அவர் ஒரு வாய் குடித்தார். விழுங்கினார். மிச்சத்தை மெதுவாக நிலத்தில் ஊற்றினார். "இது இந்தக் கிணத்துத் தண்ணியோ?" என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

"பரமலிங்கம் தம்பி நல்ல தண்ணி எண்டெல்லோ எழுதினவர்."

அம்மா குறுக்கே விழுந்து, "இப்ப கோடை எண்டபடியாலைதான் கொஞ்சம்..." என்றா.

"ஓமோம், கோடைதான்" என்றார் அவர். பலகாரத்தைத் தொடாமல், தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். மாமியார் போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. நீங்களும் கோபிப்பீர்கள். கோபியுங்கள். ஆனால் நீங்கள் எழுதிய குடம் ஒரு நாளைக்குத்தான் காணும் அண்ணை. மற்ற நாட்களில் அவர்களின் மகனுக்கு நான் எந்தத் தண்ணீரைக் கொடுக்கிறது?

மீனாம்பிகை


பதுளை,
13.9.1967

மீனாம்பிகை,

முருகேசர் சொல்லியனுப்பிவிட்டார். "இப்போதைக்கு யோசனை இல்லை" என்று. பதுளையில் இருக்கிற எங்கள் ஊர்ச் சனம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. நேற்று ஒருவன் கடைக்கு வந்து உப்பு ஒரு இறாத்தல் கேட்டுவிட்டு, "ஏன் வாங்குவான், உங்கடை கிணத்திலை இருக்குத்தானே" என்று சொல்லிச் சிரித்தான். நான் கல்லாவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த மலையில், இந்தக் குளிரில், யாருக்காக இருக்கிறேன் என்று நீ நினைக்கிறாய்? எனக்கும் முப்பது வயதாகிறது. உன்னை ஒரு இடத்தில் சேர்க்காமல் நான் என்னைப் பற்றி யோசிக்க ஏலாது.

இனி நீ எனக்கு எழுதவேண்டாம். அம்மாவின் சுகத்தைச் செல்லாச்சியக்காவின் மகனைக் கொண்டு எழுதுவி. காணியை என்னவோ செய்.

பரமலிங்கம்


சரவணை,
24.10.1967

அண்ணை,

எழுதவேண்டாம் என்றீர்கள். "காணியை என்னவோ செய்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். செய்ததைச் சொல்லாமல் இருப்பது களவு. அதனால் எழுதுகிறேன். வாசிக்காவிட்டால் அடுப்புக்குள் போடுங்கள்.

அம்மாவிடம் கடுதாசியை வாசித்துக் காட்டினேன். அந்த வரியில் அம்மா என்னை நிற்பாட்டி, திரும்ப வாசிக்கச் சொன்னா. பிறகு எழும்பிப் போய் ஐயாவின் மண்வெட்டியைக் கொண்டுவந்து வேலிப் படலையில் சாத்திவிட்டுப் போனா.

நான் ஒரு பிழை விட்டேன். கடல் உள்ளே வருகிறதே என்ற ஆத்திரத்தில் முதலில் கடல்வாயை அடைத்தேன். பனங்குற்றி இரண்டைக் குறுக்கே போட்டு மணலைக் குவித்தேன். பழைய வழியைப் பிறகு திறக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் மழை வந்துவிட்டது. வெள்ளத்துக்குப் போக இடமில்லை. அது திரும்பி ஏறிச் செல்லாச்சியக்காவின் புகையிலை நாற்றுமேடைக்குள் போய் நின்றது.

அவ வந்து வரம்பில் நின்று போட்ட சத்தம் வேலணைச் சந்திக்கே கேட்டிருக்கும். "கடலை மறிக்க வெளிக்கிட்ட மகராசி, என்ரை நாத்தையெல்லோ மறிச்சுப்போட்டாய்! உனக்கு வாய்தான் இல்லை, வேலை மட்டும் கடலளவு!" ஓடிப்போய் நானே அடைப்பை வெட்டிவிட்டேன். வெள்ளம் கடலுக்குப் போய்ச்சேர்ந்தது. மேடையில் பாதி நாற்று அழுகிவிட்டது. எங்கள் மேடையில் இருந்த நாற்றைப் பிடுங்கி அவவிடம் கொடுத்தேன். அம்மாவும் ஓம் என்றா. இந்த முறை எங்களுக்குப் புகையிலை இல்லை.

அடுத்த நாள் காலையில் நான் பழைய வழியில் மண் அள்ளிக்கொண்டிருந்தபோது ஆரோ பக்கத்தில் கடகத்தைத் தொப்பென்று போட்டார்கள். செல்லாச்சியக்கா. "நான் வாறது உனக்காக இல்லை, கண்டியோ. நீ விடமாட்டாய் எண்டு தெரிஞ்சுபோச்சு. பிழையாய்ச் செய்து என்ரை நாத்து இன்னொருக்காத் தாழக்கூடாது" என்றா. அவ வெட்ட, நான் அள்ளினேன். நத்தை ஓடு வரும்வரைக்கும் வெட்டுவோம். ஓடு வந்தால் நிற்பாட்டுவோம். அதற்குக் கீழே போகத் தேவையில்லை, அதுதான் பழைய அடி. எங்கே வளைகிறதோ அங்கே நாங்களும் வளைந்தோம். நேராக வெட்டினால் சுகம் என்று அவ ஒருக்காச் சொன்னா. பிறகு தானே சிரித்துவிட்டா.

இப்போது வழி தரவை வரைக்கும் திறந்துவிட்டது. ஆனால் கடல்வாய் அடைப்புத்தான் நிற்குதில்லை. திரும்ப அடைத்தேன். போன பறுவத்தில் மணல் முழுவதும் கடலோடு போய்விட்டது. பனங்குற்றிகள் மட்டும் பல்லுப்போல நிற்கின்றன. அடைக்காவிட்டால் மழைவெள்ளம் பழையபடி நேரே கடலுக்குத்தான் போகும். கார்த்திகை மழைக்கு முதல் ஒரு வழி பார்ப்பேன்.

மீனாம்பிகை


சரவணை,
11.11.1967

அண்ணை,

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு பெரிய கட்டு வந்து இறங்கியது. சீனிச் சாக்குகள். வெறும் சாக்குகள். மேலே உங்கள் கடைப் பெயர். உள்ளே கடுதாசி இருக்கிறதா என்று ஒவ்வொரு சாக்காக உதறிப் பார்த்தேன். சீனித்தூள்தான் கொட்டுண்டது. எறும்பு வந்துவிட்டது.

எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த வாயில் மணல் நிற்காது என்று வெட்டிய உங்களுக்குத் தெரியும். களியைச் சாக்கில் நிரப்பித் தைத்து, பனங்குற்றிக்குப் பின்னால் படிபடியாக அடுக்கியிருக்கிறோம். அம்மா தைத்தா. இருந்துகொண்டு செய்கிற வேலைதானே, இடுப்புக்குச் சுகம் என்றா. அடைப்பு நிற்கிறது. நேற்று அதற்கு மேல் ஏறி நடந்தேன்.

இன்றைக்கு இவ்வளவுதான். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.

மீனாம்பிகை


சரவணை,
20.12.1967

அண்ணை,

கார்த்திகை முழுக்க மழை. வெள்ளம் மதகால் இறங்கி, நேர்வெட்டு வாய்க்கால் பிரிகிற இடத்துக்கு வந்து கொஞ்சநேரம் சுழன்றது. எந்தப் பக்கம் என்று யோசிப்பதுபோலத்தான் இருந்தது. பிறகு தாழம்பற்றையைச் சுற்றித் திரும்பியது. நான் மழைக்குள் அதோடு கூடவே நடந்தேன். அது என்னைவிட மெதுவாகத்தான் வந்தது. நேர்வெட்டில் ஓடும்போது அதற்கு இருந்த அவசரம் இப்போது இல்லை.

தரவை நிறைந்து நிற்கிறது. செல்லாச்சியக்காவின் நாற்றில் ஒரு சொட்டும் ஏறவில்லை. அவ மூன்று தரம் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டா. ஏசுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை என்று அவவுக்குக் கவலை.

முதலில் தவளைகள் வந்தன. இவ்வளவு நாளும் எங்கே கிடந்தனவோ தெரியாது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "உதுகளையும் நீதான் கூப்பிட்டனியோ?" என்று கேட்டா. பிறகு கொக்கு. பிறகு கூட்டமாகத் தாராக்கள். கோரை முளைத்த இடத்தில் நீளக் கால் பறவைகள் நிற்கின்றன. செருப்பில்லாமல் முள்ளுக்குள் நடக்கிறதுபோல ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கின்றன. பெயர் தெரியாது. உள்ளான் குருவிகளும் வந்திருக்கின்றன. அதுகளைச் சுட வெடிக்காரர் இரண்டு பேர் வேலணையிலிருந்து துவக்கோடு வந்தார்கள். எனக்கு அவர்களைத் தெரியாது. போய்ச் சொல்லவும் வாய் வரவில்லை. மாடுகளை அவிழ்த்துத் தரவைக்குள் சாய்த்துவிட்டேன். பறவைகள் முழுவதும் எழும்பிப் போய்விட்டன. அவர்கள் ஏசிக்கொண்டு போனார்கள். பொழுதுபடுவதற்குள் பறவைகள் திரும்பி வந்துவிட்டன.

கிணற்றைப் பற்றியும் உள்ளதைச் சொல்கிறேன். இன்னும் கொஞ்சம் கரிக்கிறது. ஆனால் சிவலை தலையை உதறாமல் குடிக்கிறது. இன்னும் ஒரு மாரி போனால் மனிதரும் குடிக்கலாம்.

மீனாம்பிகை


பதுளை,
28.1.1968

தங்கச்சி,

சாக்கைப் பற்றிப் பெரிதாக நினையாதே. எலி கடித்துக் கிடந்தது. எறிவதற்குப் பதில் அனுப்பினேன். அடைப்பை எப்படி அடுக்கினாய் என்று எழுதினாயே, படி எந்தப் பக்கம் சரிவு என்று எழுதவில்லை. கடல் பக்கம் சரிவாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அலை அடியைத் தோண்டும். போய்ப் பார்.

முருகேசரிடமிருந்து எனக்குக் கடுதாசி வந்திருக்கிறது. தைப்பொங்கலுக்குப் பிறகு அவர் சைக்கிளில் உங்கள் பக்கம் வந்தாராமே? நீ ஏன் அதை எழுதவில்லை? காணியைப் பார்த்தாராம், தண்ணீரைக் குடித்தாராம், உன்னோடு கதைத்தாராம். "உங்கடை தங்கச்சி ஊமையில்லை" என்று எழுதியிருக்கிறார். என்ன கதைத்தாய்?

அவர்களுக்கு இப்போது திரும்ப விருப்பம். மகனுக்கும் விருப்பமாம். ஒரு விஷயம் கேட்கிறார். தரவையில் பாதியை மண் போட்டு உயர்த்தித் தோட்டமாக்கி, சீதன உறுதிப் பத்திரத்தில் தோட்டக் காணி என்று எழுதித் தரலாமா என்கிறார். பாதிதானே. மற்றப் பாதியில் உன் தவளைகள் இருக்கலாம். நான் ஓம் என்று எழுதக் கையெடுத்தேன். பிறகு, உன்னைக் கேட்காமல் எழுதினால் நீ அடுத்த செம்பில் எதை ஊற்றிக் கொடுப்பாயோ என்று நினைத்து நிற்பாட்டிவிட்டேன்.

யோசித்து எழுது. இரண்டாம் தரம் ஒரு இடம் திரும்பி வருவது லேசில்லை.

உன் அண்ணன்,
பரமலிங்கம்


சரவணை,
6.2.1968

அண்ணை,

அடைப்பு கடல் பக்கம் சரிவாகத்தான் இருக்கிறது. செல்லாச்சியக்கா சொல்லித்தான் அப்படி அடுக்கினோம்.

முருகேசர் வந்ததை எழுதாமல் விட்டது, அவர் கலியாண விஷயமாக வரவில்லை என்று அவரே சொன்னதால். அவர்களின் ஊரிலும் இப்படி ஒரு நேர்வெட்டு இருக்கிறதாம், அவர்களின் கிணறும் போகிறதாம். வழியைப் பார்க்க வந்தார். நான் முன்னால் நடந்து காட்டினேன். கிணற்றடியில் தானே அள்ளிக் குடித்துவிட்டு, "இன்னும் சவர்தான்" என்றார். "ஓம்" என்றேன். "அண்டைக்கு நீர் ஏன் அந்தத் தண்ணியைத் தந்தனீர்? பக்கத்திலை குடம் இருந்ததை நான் கண்டனான்" என்றார். உள்ளதைச் சொன்னேன். "உங்கடை மகன் பிறகு இதைத்தானே குடிக்கவேணும்." நான் கதைத்தது அவ்வளவுதான்.

பாதி என்று கேட்கிறார். அவர் வழியைப் பார்த்தார், ஆனால் வெள்ளம் வரும்போது நின்று பார்க்கவில்லை. பாதியை உயர்த்தினால் வெள்ளம் மற்றப் பாதியோடு நிற்காது. செல்லாச்சியக்காவின் காணிக்குள் ஏறும். அவ சும்மா இருப்பாவா? ஒரு வாய்க்கால் வெட்டுவா. நேராகத்தான் வெட்டுவா. பிறகு எல்லாம் பழையபடி. தரவையைப் பாதியாக வைத்திருக்க ஏலாது அண்ணை. வைத்திருந்தால் முழுதாக வைத்திருக்கலாம், அல்லது விடலாம்.

உறுதியில் தோட்டக் காணி என்று எழுதவேண்டாம். தரவை என்று எழுதுங்கள். வெள்ளம் வருகிற வழியையும் எழுதுங்கள்: மதகிலிருந்து தாழம்பற்றையைச் சுற்றித் தரவைக்கு, அதை ஒருவரும் நேராக்கவோ அடைக்கவோ கூடாது என்று. புகையிலை வைக்கும் மேட்டுத் துண்டு ஒன்று இருக்கிறது, அது எங்களுக்குக் காணும். மாட்டுக்குப் புல் இருக்கிறது. சிவலை இப்போது இரண்டு நேரமும் கறக்கிறது. பாலை நான் சங்கத்துக்குக் கொடுக்கிறேன்.

அவர்களுக்கு இது சம்மதமென்றால் எனக்கும் சம்மதம். சம்மதமில்லை என்றால் அவர்கள் வேறு இடம் பார்க்கட்டும், எனக்குக் கோபமில்லை. இதை நான் அழுதுகொண்டு எழுதவில்லை. மத்தியானம், சாப்பிட்டுவிட்டு, தெளிவாக இருந்து எழுதுகிறேன்.

மீனாம்பிகை


பதுளை,
19.2.1968

தங்கச்சி,

உன் கடுதாசியை இந்த முறை ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் கடையில் கணக்குப் பார்க்கும்போது உன் செல்லாச்சியக்கா நேராகத்தான் வெட்டுவா என்ற வரி நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். உண்மைதான். நானும் அப்படித்தான் வெட்டினேன்.

முருகேசருக்கு நீ எழுதியதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், எழுதிப் போட்டேன். "மகனோடு கதைத்து யோசித்துச் சொல்கிறேன்" என்று பதில் வந்திருக்கிறது. யோசிக்கட்டும்.

நாங்கள் அவர்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வருகிற மாதம் பத்தாம் திகதி காலை மெயில் வண்டியில் வந்து இறங்குவேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு நீயும் யாழ்ப்பாணம் வா. உறுதி எழுதுகிற நொத்தாரிசுக்கு எழுதிவிட்டேன். தரவையை உறுதியில் தரவை என்றே எழுதச் சொல்லிக் கேட்டவர்கள் தன் அனுபவத்தில் இல்லை என்கிறார். வெள்ளம் வரும் வழியை எந்தத் திசையில் தொடங்கி எழுதுவது என்று கேட்டிருக்கிறார். அதை நீதான் சொல்லவேண்டும். சாந்தமான ஆள், அதட்டமாட்டார். பயப்படாமல் சொல்லு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இது சீதன உறுதி இல்லை. சீதன உறுதி என்றால் கலியாணம் முற்றாகும்வரைக்கும் காத்திருக்கவேண்டும், மாப்பிள்ளையின் பெயரையும் எழுதவேண்டும். இது அம்மா உனக்குத் தருகிற நன்கொடை உறுதி. உன் பெயர் மட்டும்தான் அதில் வரும்.

பரமலிங்கம்